கொஞ்சம் வேகமான பையன்

எங்கள் வீட்டில் உதைக்கிற மாட்டுக்குப் பெயர் உதைக்கிற மாடு. படுத்துக்கொண்டு எழ மறுத்தால் சண்டி மாடு. பிறத்தியார் காட்டில் வாய் வைத்தால் திருட்டு மாடு. அப்பா மாடு வாங்கப் போனால் காலையும் மாலையும் கறவையைப் பக்கத்தில் நின்று பார்ப்பார். விற்கிறவரிடம், "உள்ளதச் சொல்லிப்போடுங்க, பின்னால பேச்சு வரக்கூடாது" என்பார். அவரும் சொல்லிவிடுவார். மாட்டு விஷயத்தில் பொய் சொன்னவன் மறுபடி சந்தைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

என் தம்பிக்கு மட்டும் அப்படி ஒரு நேரான சொல் கிடைக்கவில்லை. சோற்றுத் தட்டை அம்மா மேல் எறிந்தான், அவனுக்கு முன்கோபம். எங்கள் லாரியின் கிளீனரை இரும்புக் கம்பியால் அடித்தான். அவனுக்குச் சூட்டு உடம்பு, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சரியாகிவிடும். டிவி ரிமோட்டைத் தரவில்லை என்று என் இடது கைச் சுண்டுவிரலைப் பின்னுக்கு வளைத்து ஒடித்தான்; கொஞ்சம் வேகமான பையன். அன்றைக்கு நானும் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். எனக்குச் சொல் தேட யாரும் சிரமப்படவில்லை. அடங்காப்பிடாரி என்றார் அப்பா. ராங்கிக்காரி என்றார் அம்மா, அதுவும் என்னை மாவுக்கட்டுப் போட அழைத்துப்போன பஸ்ஸில் வைத்து.

அந்த விரல் இன்றைக்கும் நேராக நிற்காது. அதை வைத்துக்கொண்டுதான் நாமக்கல்லில் தையல் கடை நடத்துகிறேன். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆன பிறகு தம்பிக்குப் பெண் பார்த்தார்கள். "ஒரு கால்கட்டுப் போட்டுட்டா அடங்கிருவான்" என்றார் அப்பா. மாட்டுக்குக் கால்கட்டுப் போடுவது கயிற்றால். கயிற்றுக்கு வலிக்காது. இவர்கள் தேடியது ஒரு பெண்ணை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை விசாரிப்பது ஒரு தனிக் கலை. நேராகக் கேட்கக் கூடாது. டீக்கடையில் டீ குடிப்பது போலவும், உரக்கடையில் விலை கேட்பது போலவும் போய்ப் பேச்சோடு பேச்சாகக் கேட்க வேண்டும். பதில் சொல்கிறவருக்கும் ஒரு தர்மம் உண்டு. கல்யாணத்தைக் கலைத்த பாவம் ஏழு தலைமுறைக்கு ஆகாது. அதனால் குடிகாரன் "எப்பவாச்சும்" என்று ஆவான், அடிக்கிறவன் "கொஞ்சம் வேகம்" என்று ஆவான். இரண்டு பக்கத்தாரும் திருப்தியாகக் கலைந்து போவார்கள்.

அப்படித்தான் வாழப்பாடிப் பக்கமிருந்து பெண்ணின் அம்மாவும் சித்தியும் ஒரு ஜாக்கெட் துணியோடு என் கடைக்கு வந்தார்கள். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. அளவு ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே அந்த அம்மா மெல்லக் கேட்டார்.

"அந்த லாரிக்காரர் வீட்டுப் பையன் எப்படிம்மா? எங்க பொண்ணு ரொம்ப சாது. அதான் கேக்கறேன்."

"அவன் என்ற தம்பிங்க" என்றேன். கையை நீட்டினேன். "இது அவன் ஒடிச்ச விரலுங்க."

சித்தி துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் அப்பா கடை வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினார். "தேடி வந்த சம்பந்தத்தக் கெடுத்துப்போட்டாளே! உன்ற நாக்குக்கு ஒரு மூக்கணாங்கவுறு போட்டிருக்கோணும். இனிமே எங்கூட்டு வாசப்படி மிதிக்காதே." நான் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். பயமில்லாமல் இல்லை. தையல் கோணலாகப் போனதைச் சாயங்காலம்தான் பார்த்தேன்.

அடுத்த சம்பந்தம் ஜலகண்டாபுரத்தில் அமைந்தது. என் காதுக்கு எதுவும் வராமல் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்ய வேண்டிய இணைச்சீரைப் பெரியப்பா மகள் செய்தாளாம். நூல் வாங்கப் போன இடத்தில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் தாலி ஏறி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்டேன். என்னால் முடிந்ததைச் செய்தாயிற்று என்று கொஞ்சம் நிம்மதியும் பட்டுக்கொண்டேன்.

போன மாசி மாதம், பட்டப்பகலில், தம்பி பெண்டாட்டி என் கடைக்கு வந்தாள். முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தாள். விலக்கிப் பார்த்தேன். இடது கண் திறக்கவே முடியாமல் வீங்கிக் கிடந்தது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதற்குள் அம்மாவின் போன் வந்துவிட்டது. என்னோடு பேசி மூன்று வருஷமானவர்.

"அவ அங்கதான் இருக்காளா?"

"இருக்கா. கண்ணு வீங்கிக் கெடக்குதும்மா."

"அவன் சங்கதி தெரிஞ்சதுதானே. இவ வாயக் கொஞ்சம் அடக்கியிருக்கலாமில்ல? சீக்கிரம் அனுப்பி வையி. தம்பி இன்னும் சோறு திங்கல."

போனை வைத்தேன். பெற்றவளைப் பற்றி எழுதக் கூடாததெல்லாம் அந்த நேரம் மனதில் வந்தது. அந்தப் பெண் தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நங்கையா, எங்கப்பா விசாரிக்க வந்தப்ப உங்க கடை வாசல் வரைக்கும் வந்தாருங்க" என்றாள், நாத்தனாரைக் கூப்பிடும் முறை வைத்து. "உள்ள வரலீங்க. அவ ஒரு அடங்காப்பிடாரி, தம்பி மேல பொறாமை புடிச்சவ, அவ பேச்சக் கேக்காதீங்கன்னு உங்கம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. நாங்களும் நம்பிட்டோமுங்க."

சின்ன வயதிலிருந்து சுமக்கும் பட்டம் அது. என்னை மட்டும்தான் சுடும் என்று இருந்துவிட்டேன்.