புகைக்குக் காத்திருந்த பாம்பு

என் ஓரகத்தி சென்னியம்மாளுக்கு ஊர்க்காரர்கள் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து கம்மஞ்சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தப்பட்டைச் சத்தம் கேட்டதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு புள்ள செத்தது?"

"நீங்கதானுங்க அக்கா" என்றேன்.

வாயிலிருந்த சோற்றை நிதானமாக மென்று விழுங்கினாள். வட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம்தான் முந்தானையை இழுத்துச் செருகினாள். அவள் முந்தானையைச் செருகினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

அவள் என் வீட்டுக்காரர் மயில்சாமியின் அண்ணனைக் கட்டியவள். ராசிபுரம் பக்கம் எங்கள் ஊர். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள். அண்ணன் லாரி ஓட்டினார். நாக்பூருக்கு அப்பால் எங்கேயோ ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போ என்று சொந்தம், ஒறம்பரை எல்லாம் சொன்னது. அவள் போகவில்லை. மொபட் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கலர் சேலைதான் கட்டினாள். போர் போட வந்த ரிக் வண்டிக்காரர்கள் பாதியில் பாறை என்று சொல்லிக் கிளம்பப் பார்த்தபோது, "தண்ணி வந்தா எந்திரிக்கறேனுங்க" என்று பைப்பு மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டு, மகள் நித்யஸ்ரீயைப் படிக்கவைத்து, அயோத்தியாப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்தாள்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஆனால் என் கோபம் வாயோடு போய்விடும். அவள் கோபம் காலுக்கு இறங்கும். எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே நடந்து போய் நிற்கும்.

தை மாதம் கிழங்கு முற்றி நின்றபோது, வேலியோர வேம்பில் காய்ந்த கிளை ஒடிக்கக் கையை நீட்டியவளைப் பாம்பு கொத்திவிட்டது. மணிக்கட்டில் இரண்டு பொட்டு. விரல் தடிமன், பனையோலை காய்ந்த நிறம், கொம்பிலிருந்து கொம்புக்குத் தாவிப் போனது என்று அவளே சொன்னாள். மொபட்டை எடுத்துக்கொண்டு தானே பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தாள். மறுநாள் டாக்டர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். திரும்பி வந்தவள் நேராகக் காட்டுக்குப் போய்க் கிழங்குக்குத் தண்ணீர் பாய்ச்சினாள். ஊருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கடித்தது கொம்பேறி மூக்கன். அது கடித்து யாரும் நடந்து வரக்கூடாது.

எங்கள் ஊரில் பாம்பு விஷயம் என்றால் சுப்பையன் சொல்வதுதான் சட்டம். நாகர் கல்லுக்குப் பால் ஊற்றுகிறவர். அவர் சொல்கிற கொம்பேறி மூக்கன் தரையில் ஊராது. கடித்த கையோடு சுடுகாட்டுக்குப் போய், அங்கே உள்ளதிலேயே உயரமான மரத்தில் ஏறி, ஊரைப் பார்த்துத் தலையை வைத்துக்கொள்ளும். கடிபட்டவர் எரிகிற புகையைக் கண்ணால் பார்க்கிறவரைக்கும் இரை எடுக்காது, தண்ணீர் குடிக்காது. சாணிப் புகைக்கும் மனிதப் புகைக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியும். கடிபட்டவர் முகம் அதன் கண்ணில் பதிந்து பன்னிரண்டு வருஷம் அழியாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் காதில் வாங்கிக்கொள்ளும். அமாவாசைக்குள் புகை வராவிட்டால் மரத்தை விட்டு இறங்கி, அந்த முகத்தைத் தேடிக்கொண்டு வரும்; அந்த முகத்துக்குப் பக்கத்தில் யார் நின்றாலும் சேர்த்துக் கொத்தும். பாம்புக்குக் காது இல்லை என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சுப்பையனின் பாம்புக்கு மட்டும் காது, மூக்கு, ஞாபகம், வைராக்கியம் எல்லாம் இருந்தது.

இதற்கு ஊரில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பொய்ச்சாவு. வைக்கோலில் ஆள் செய்து, கடிபட்டவர் உடுத்திய துணியைச் சுற்றி, அவர் தலைமுடியை உள்ளே வைத்து, சங்கு ஊதி, பொரி இறைத்து, நிஜச் சாவு போலவே கொண்டுபோய் எரிப்பது. பாம்பு சந்தேகப்படக் கூடாது என்று பெண்கள் ஒப்பாரி கூட வைக்க வேண்டும். புகையைப் பார்த்தால் பாம்பு இறங்கிப் போய்விடும். ஆனால் எரித்தது எரித்ததுதான். கடிபட்டவர் அந்த மரத்தின் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் பன்னிரண்டு வருஷம் நிற்கக் கூடாது. வேறு ஊர், வேறு பேர்.

பொன்னன் என்று ஒருவர் அப்படிப் போனவர். மேட்டூரில் வேறு பேரில் மீன் ஏலம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பேர் போடவில்லை. மண்டபத்தில் கடைசி வரிசையில், யாரோ தூரத்து மாமா மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்குப் பந்தியில் அவருக்கு இலை போட்டவள் சென்னியம்மாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டதை அவள் மறக்கவே இல்லை.

அவள் காடு சுடுகாட்டுக்குக் கிழக்கே. சுடுகாட்டிலேயே உயரமான வாகைமரத்தின் உச்சியில் நின்றால் அவள் வரப்பு முழுக்கத் தெரியும். பொய்ச்சாவுக்குத் தலையாட்டினால் காடு போயிற்று, வீடு போயிற்று, பேரும் போயிற்று. அதனால் அவள் ஆட்டவில்லை.

"உசுரோட இருக்கறவளுக்கு எழவு எடுக்கறீங்களாங்க? போயி உங்க வேலையப் பாருங்க" என்றாள்.

ஊர் வேறு வழியில் இறுக்கியது. கிழங்கு பிடுங்குகிற ஆட்களுக்குத் தலைவி பூவாத்தாள். அவள் தன் ஆட்களை அனுப்ப மறுத்துவிட்டாள். பாம்பு காதில் விழும் என்று, சென்னியம்மாள் என்ற பேரை வெளியில் யாரும் சொல்வதில்லை. மேற்கு வீட்டை வைத்து 'மேக்காலூட்டுக்காரி' ஆகிவிட்டாள். கிழங்கோ முற்றிவிட்டது. நாள் தள்ளினால் மாவு குறையும்; ஜவ்வரிசி மில்லில் மாவுக்குப் பாயிண்ட் பார்த்துத்தான் எடுப்பார்கள். அவள் தனியாக இறங்கிப் பிடுங்கினாள். ஒருத்தி பிடுங்கி ஒரு காடு எப்போது முடியும்?

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பயந்தவர். ஒரே சுவர் என்பதால் பாம்பு வீடு மாறி வந்துவிடும் என்று நினைத்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவள் சேலையையும், அவள் தலை சீவிச் சுருட்டிப் போட்ட முடியையும் சுப்பையனிடம் கொண்டுபோய்க் கொடுத்தது அவர்தான். அவள் சம்மதம் இல்லாமலே எரித்துவிடலாம், எரித்துவிட்டால் போயாக வேண்டுமே என்று ஏற்பாடு. என்னை ஒப்பாரிக்குக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா? உங்க அண்ணன் பொண்டாட்டிங்க. அங்க உக்காந்து சோறு திங்கறவங்களுக்கு நான் வந்து அழுகட்டுமா?" என்று கேட்டுவிட்டு, நேரே அக்காவின் அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. எல்லையில் மயில்சாமியே கையை விரித்து மறித்தார்.

"அண்ணி, பொம்பளைங்க இங்க வரப்படாதுங்க."

"பொணம் வராம எழவு நடக்குமா தம்பி? வழிய உடுங்க."

அவர் கை தானாக இறங்கிவிட்டது.

விறகு அடுக்கி, வைக்கோல் ஆளைப் படுக்கவைத்திருந்தார்கள். நித்யஸ்ரீ பொங்கலுக்கு எடுத்துக்கொடுத்த நீலச் சேலையை அதற்குச் சுற்றியிருந்தார்கள். சுப்பையன் கையில் கொள்ளி. சென்னியம்மாள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. விறகின் மேல் காலை வைத்து ஏறி, சேலையை ஒரே உருவாக உருவி, உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். சேலைக்குள் இருந்த வைக்கோல் சிதறி விழுந்தது. தப்பட்டைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"என்ற புள்ள எடுத்துக் குடுத்த சீலைங்க. வெக்கப்புல்லுக்குக் கட்டறதுக்கில்ல."

பிறகு வாகைமரத்தடிக்குப் போனாள். அண்ணாந்து பார்த்தாள்.

நான் பொய் சொல்லவில்லை, அது அங்கே இருந்தது. மேல்கவட்டையில் சுற்றிக்கொண்டிருந்தது அவிழ்ந்து, கிளை கிளையாக இறங்கி, அவள் தலைக்கு எட்டுகிற கொம்பில் வந்து நின்றது. தலையை மட்டும் காற்றில் நீட்டியது. ஆண்கள் எல்லாம் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள்.

அவள் கடிபட்ட கையை அதன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நாந்தான் சென்னியம்மா. இந்தா, நீ கடிச்ச கை. நல்லாப் பாத்துக்க. கடிச்சே, நான் சாகல. அதுக்கு நானா பொறுப்பு? எனக்குப் பொகை இல்ல. எனக்கு வயசாயி, எம்பொழுது முடிஞ்சு செத்த பொறவு வா, வேணுங்கற மட்டும் பாரு. அதுவரைக்கும் மேலயே கெட. என்ற காடு அந்தா இருக்குது. நாளைக்கும் அங்கதான் நிப்பேன்."

பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. அவள் கண்ணைக்கூட எடுக்கவில்லை. ரொம்ப நேரம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு அது தலையைத் திருப்பி, வந்த வழியே ஏறிப் பழைய கவட்டையில் சுற்றிக்கொண்டது.

"ஐயோ, காரியத்தைக் கெடுத்துப்போட்டயே! இனி ஊரையே கடிக்குமே!" என்று சுப்பையன் தூரத்திலிருந்து அலறினார்.

"யாரையாச்சும் கடிச்சா சொல்லியுடுங்க. வண்டி இருக்குது, ஆஸ்பத்திரிக்கு நாங்கூட்டிட்டுப் போறேன்" என்றாள். திரும்பி நடந்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறுநாள் அமாவாசை. பாம்பு இறங்குகிற நாள் என்று ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. அமாவாசையில் காட்டு வேலை செய்வதும் வழக்கமில்லை. அவள் விடியும்போதே இறங்கிவிட்டாள். நான் தலைக்குத் துண்டைக் கட்டினேன்.

"இன்னிக்கு அமாவாசை புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரியுமுங்க. சோறு ஆக்கி வெச்சிருக்கறேன். போட்டுத் தின்னுங்க."

வரப்பிலிருந்து பார்த்தால் வாகைமரம் தெரிந்தது. அதில் அது இருந்ததும் தெரிந்தது. இலை இல்லாத உச்சிக்கொம்பில், எங்களைப் பார்த்துத் தலையை வைத்துக்கொண்டிருந்தது. அக்கா அதற்கு முதுகைக் காட்டாமல், அதைப் பார்த்தபடியே சாலில் குனிந்து பிடுங்கிக்கொண்டு போனாள். பயமாக இருந்தது, சொல்வதற்கென்ன. ஒவ்வொரு தூரை அசைக்கும்போதும் கழுத்துக்குப் பின்னால் ஏதோ ஊர்கிற மாதிரியே இருந்தது. எனக்குப் பிடுங்கவும் வராது. பாதிக் கிழங்கை மண்ணுக்குள்ளேயே ஒடித்து விட்டுக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறும்போது பூவாத்தாள் தன் ஆட்களோடு வரப்பில் வந்து நின்றாள். இறங்கவில்லை. மரத்தைப் பார்ப்பாள், எங்களைப் பார்ப்பாள். நான் இன்னொரு கிழங்கை ஒடித்தேன்.

"அட கெரகமே!" என்று கத்தினாள். "அது கடிச்சுச் செத்தாலும் சாகறோம். இவ பிடுங்கற லட்சணத்தப் பாத்துட்டு நிக்க முடியாது. எறங்குங்க புள்ளைங்களா!"

அத்தனை பேரும் இறங்கினார்கள். அப்புறம் ஒருத்தி பாம்புக்கு வாழ்க்கைப்பட்டவள் யாராக இருக்கும், ஏன் இன்னும் சாப்பிடக் கூப்பிடவில்லை என்று கேட்டாள். அதற்குப் பிறகு சிரிப்பு நிற்கவில்லை. மரத்தில் அது அசையாமல் கிடந்தது.

பொழுதோடு மில் லாரி வந்தது. தடம் தெரியாது என்று டிரைவருக்கு வழி காட்டிக்கொண்டு லாரிக்கு முன்னால் மயில்சாமி வந்தார். காட்டுக்குள் கால் வைக்காமல் வரப்பிலேயே நின்றார். லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி முடித்ததும் டிரைவர் எஞ்சினைப் போட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"மில்லுல யாரு பேருக்குங்க போடச் சொல்றது?"

எல்லோர் கண்ணும் மரத்துக்குப் போயிற்று. பேரைச் சொன்னால் அதன் காதில் விழுமே. அக்கா தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவளே சொல்லியிருப்பாள். ஆனால் அவள் சொல்லவில்லை. யார் சொல்கிறார்கள் பார்க்கலாம் என்று எங்கள் பக்கம் திரும்பி நின்றாள்.

"சென்னியம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

எஞ்சின் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்னுங்க?" என்றார் டிரைவர்.

மயில்சாமி வரப்பிலிருந்து காட்டுக்குள் இறங்கினார். அண்ணி பக்கத்தில் போய் நின்றார். வாகைமரத்தைப் பார்த்துத் தலையை நிமிர்த்தி, சுடுகாடு வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"சென்னியம்மா! எங்க அண்ணி, சென்னியம்மா! உசுரோட இருக்கறாங்க, அவங்க பேருக்கே போடு!"