பிரேசில் பூச்சியும் பெண் பார்க்க வந்தவர்களும்

எண்பதுகளில் திண்டிவனத்துக் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். வீடு ஒலக்கூர் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்தால் இடது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. இமை பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. தலையணையைத் தூக்கினால் குற்றவாளி அங்கேயே உட்கார்ந்திருந்தது. கறுத்த உடம்பு, ஓரமெல்லாம் சிவப்பு. வீட்டில் அடுக்கியிருந்த மல்லாட்டை மூட்டைகளின் கடலையை நம்பி எலி, எலியின் ரத்தத்தை நம்பி இந்தப் பூச்சி. ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துப் போட்டேன்.

அட கஷ்டகாலமே, அன்றைக்குத்தான் கண்டமங்கலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள்! கல்யாணமானால் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

"கொளவி கொட்டிடுச்சின்னு சொல்லு. காலேஜ் கதையெல்லாம் அவுத்து விடாத" என்றாள் அம்மா.

ஆனால் எனக்கு அந்தக் கதைதான் தேவைப்பட்டது. வகுப்பில் நடத்தியிருந்தார்கள்: பிரேசில் பக்கம் இந்த இனத்துப் பூச்சிகள் சாகஸ் என்ற நோயைப் பரப்பும், முதலில் கண் வீங்கும், பல வருஷம் கழித்து இதயம் கெட்டுவிடும். நம் ஊரிலும் பூச்சி உண்டு, நோய்தான் கிடையாது. அந்தக் கடைசி வரியை மட்டும் மறந்துவிடுவதென்று முடிவு செய்தேன்.

வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் முகவாயைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா கண்ணு இப்படி கீது?"

பாட்டிலைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தேன். கிள்ள வந்த அம்மாவின் கைக்கு எட்டாமல் தள்ளி நின்று பாடம் நடத்தினேன். செய்முறைத் தேர்வில்கூட நான் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. மாப்பிள்ளை பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டார். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இப்ப ஒண்ணும் ஆவாதுங்க. இருபது வருஷம் கழிச்சிதான் இதயம் வீங்கி, திடீர்னு நின்னுடும்" என்று முடித்தேன். ஒழிந்தது சம்பந்தம் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. நல்லாத்தான் இருப்பாங்க."

"வேலவெட்டி செய்யலாமில்ல? புள்ள பெத்துக்கலாமில்ல?"

"செய்யலாங்க" என்றேன்.

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அதுக்குள்ள மொத புள்ள தலையெடுத்துடும். பொண்ணா இருந்தா கட்டிக்குடுத்துடலாம்." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "இதுக்கா பேஜாரு? தட்ட மாத்திக்கலாங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். நான் சொன்னது பொய்யென்று அவளுக்குத் தெரியாது. ஒரு சொல் விடாமல் நம்பியிருந்தாள். காலையிலிருந்து இறுகியிருந்த முகம் அப்போதுதான் மலர்ந்தது.

"ஜல்தியா போயி தாம்பாளத்த எடுத்துக்கினு வா" என்றாள், என்னிடமே.