அளவு ஜாக்கெட்

என் வீட்டுக்காரருக்கு எனக்குப் பரிசு வாங்கித் தரும் பழக்கம் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரு டார்ச் லைட் வாங்கி வந்தார், அதையும் அவரே வைத்துக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதர் போன வருஷம் தன் அக்கா மகன் கல்யாணத்துக்கு முன்னால், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பீரோவைத் திறந்திருக்கிறார். அரக்குப் பட்டுச் சேலையின் ஜாக்கெட் துணியையும் என் அளவு ஜாக்கெட்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மடவார் வளாகத்தில் எனக்கு எப்போதும் தைக்கும் டைலரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

நம்மில் யார் டைலர் முன்னால் போய் டேப் வைத்து அளவெடுக்க நிற்கிறோம்? உடம்புக்குப் பாந்தமாக அமைந்த ஒரு ஜாக்கெட்டை எடுத்து வைத்துக்கொள்வோம். புதிதாக எது தைக்கக் கொடுத்தாலும் அதையும் கூடவே கொடுப்போம். டைலர் அதை மேஜையில் விரித்து அதே அச்சில் அடுத்ததை வெட்டுவார். என்னுடையது நீல நிறம். பல வருஷமாக பீரோவுக்கும் டைலர் கடைக்கும் போய் வந்துகொண்டிருந்தது.

தைத்து வந்ததை மடிப்புக் கலையாமல் என் கையில் கொடுத்தார். முகத்தில் ஒரு சின்னப் பெருமை. உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. இடது பக்கம் தொளதொளவென்று தொங்கியது. அந்தப் பக்கத்தில் எனக்கு ஒன்றும் இல்லை. அதற்கு முந்தின வருஷம்தான் மதுரையில் ஆபரேஷன் செய்து இடது மார்பை முழுதாக எடுத்திருந்தார்கள்.

"சரியா இருக்கா?" என்று கதவுக்கு வெளியில் நின்றபடி கேட்டார்.

"இருக்கு" என்றேன்.

பஞ்சைத் துணியில் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனேன். ஜாக்கெட் எடுப்பாக இருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவருக்கு அதில் ஒரே சந்தோஷம்.

அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மதுரைக்கும் ராஜபாளையத்துக்கும் பஸ்ஸில் என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர் அவர். ஊசி போட்ட வாரங்களில் கஞ்சி காய்ச்சியவர், நான் வாந்தி எடுத்ததை முகம் சுளிக்காமல் கழுவியவர். ஆனால் ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அவர் என்னைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்ப்பார், கழுத்துக்குக் கீழே கண் இறங்காது. கட்டு மாற்றுவதற்கு வத்திராயிருப்பிலிருந்து என் தங்கச்சி வந்து தங்கினாள். அவள் போன பிறகு நான் சேலை மாற்ற உள்ளே போனாலே அவர் வாசலுக்குப் போய் பைக்கைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அவ்வளவு சுத்தமான பைக் எங்கள் ஊரில் வேறு யாரிடமும் இருக்காது.

ஒரே ஒரு தடவை அவர் பார்த்தால் போதும் என்று இருந்தது எனக்கு. ஆறுதல் சொல்ல வேண்டாம், தொடக்கூட வேண்டாம். எடுத்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியும், எடுத்த இடம் எப்படி இருக்கிறது என்று தெரியாது. அது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்துகொண்டு அதில் ஒருத்தி மட்டும் ஒன்றை வைத்துக்கொண்டு நடமாடுவது பெரிய தனிமை. வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். 'என்னைக் கொஞ்சம் பாருங்க' என்று எந்தப் பொம்பளை கேட்பாள்? எனக்கு வாய் வரை வரும், அதோடு நின்றுவிடும்.

சபையிலும் அப்படித்தான். எனக்காக உருகி உருகி ஜெபித்தார்கள். 'எங்கள் சகோதரியின் சரீர பலவீனம்' என்றார்கள். என்ன பலவீனம், எந்த இடத்தில் என்று ஆண்டவருக்கே தெரிந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரும், அடுத்த நிமிஷமே கண்ணில் தண்ணீர் வரும்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். எங்கள் சபை ஆலயமும் அங்கேதான். இந்த வருஷம் மார்பகப் புற்றுநோய் வந்த ஏழைப் பெண்களின் சிகிச்சைக்கு உதவ, ஆலயத்துக்குப் பக்கத்து ஹாலில் ஓர் ஓவியச் சிற்பக் கண்காட்சி வைப்பதாக முடிவானது. ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, ஆராதனை முடிந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், நீங்க கட்டாயம் ஒண்ணு செய்யணும். ரோஸ் கலர் பூ, ரிப்பன், இந்த மாதிரி அழகா ஏதாச்சும்."

சரி என்றேன். அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போதே பூ வரையப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். என் உடம்பை அச்செடுத்து வைக்கப்போகிறேன். அச்செடுக்க இன்னொருவர் கை வேண்டும். அந்தக் கை அவருடையதாக இருக்க வேண்டும்.

காரணம் உண்டு. அவர் சத்திரப்பட்டிப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் பட்டறையில் சூப்பர்வைசர். வலைபோல் நெய்த அந்தத் துணியை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் நனைத்து உடம்பின்மேல் ஒட்டினால், செத்த நேரத்தில் இறுகி அப்படியே அச்சு வந்துவிடும். படுத்திருப்பவர் அசையக் கூடாது, ஒட்டுகிறவர் நிதானமாக ஒட்ட வேண்டும். அந்தத் துணியை அவரைவிட நிதானமாகக் கையாள யாருக்கு வரும்?

துணி வேண்டும் என்றதும், "எத்தன மீட்டர் வேணும்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஒரு சுருள் வந்தது. அந்த வாரக் கடைசியில் எதற்கு என்று சொன்னேன். செருப்பைத் தேடத் தொடங்கினார்.

"எனக்கு அதெல்லாம் வராது. ஒன் தங்கச்சிய வரச்சொல்லேன்."

"துணிய நனைச்சு ஒட்டணும். அம்புட்டுத்தான்."

"பட்டறைல லோடு ஏத்தணும். போயிட்டு வாரேன்."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எந்த லோடை ஏற்றப்போகிறார் என்று நானும் கேட்கவில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். ஆனால் இது அவள் செய்கிற காரியம் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நானே ஆரம்பித்தேன்.

தோலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, பீரோக் கண்ணாடியின் முன்னால் நின்று, ஒற்றைக் கையால் ஒட்டினேன். இடது கை ஆபரேஷனுக்குப் பிறகு தோளுக்கு மேல் எழும்பாது, முதுகுப் பக்கமும் போகாது. வலது கையை நீட்டும்போதெல்லாம் நெஞ்சு அசையும், ஒட்டினது விரிசல் விடும். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும் என்பது பள்ளிக்கூடத்தில் பொம்மை செய்து எனக்குத் தெரிந்ததுதான். வலது பக்கம் அந்தச் சூடு இதமாக ஏறியது. இடது பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருக்கிறது. மரத்த இடத்தின் ஓரத்தைத் தாண்டிய பிறகுதான் லேசாகச் சுட்டது. எனக்கே தெரியாமல் ஓர் இடம் என் உடம்பில் இருக்கிறது என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதால் நெஞ்சு குலுங்குமே, அச்சு மொத்தமாக உதிர்ந்தது.

துண்டுகளைப் பொறுக்கிக் கோழிவலைக் கம்பியில் வளைத்த உருவத்தின்மேல் வைத்து, மைதாப் பசை காய்ச்சி, மீதித் துணியால் ஒட்டினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் மாடி அறையில் இதே வேலைதான். கீழே அவர் டிவி பார்க்கும் சத்தம் கேட்கும். காபி போட்டுப் படியில் வைத்துவிட்டு "காபி" என்று ஒரு குரல் கொடுப்பார், மேலே ஏறி வர மாட்டார். ஆறிப்போன காபியை நான் நிறையக் குடித்தேன்.

உருவம் ஒருவழியாக நின்றது. கழுத்திலிருந்து இடுப்பு வரை வெள்ளை வெளேரென்று, விரிசல் விரிசலாக. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் தட்டை, தட்டையில் குறுக்கே தழும்பின் கோடு. நன்றாகத்தான் வந்திருந்தது, ஆனால் ஆஸ்பத்திரியில் தொங்கவிட்டிருக்கும் படத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. எனக்குத் திருப்தி இல்லை. கீழே போய் அந்த அரக்குப் பட்டு ஜாக்கெட்டை எடுத்து வந்து மாட்டி, கொக்கிகளைப் போட்டேன். வலது பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. இடது பக்கம் தொங்கியது. அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு நான் தனியாகப் பார்த்தது அப்படியே என் எதிரில் நின்றது. பஞ்சு எதுவும் வைக்கவில்லை.

கண்காட்சியன்று காலையில் ஐயரம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. வாலிபப் பிள்ளைகள்லாம் வரும்" என்றவர், சிறப்பு விருந்தினருக்கு வாங்கி வைத்திருந்த பொன்னாடையில் ஒன்றைப் பிரித்து அதன் தோளில் போர்த்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உயிரோடு இருக்கிற எனக்கு ஒருத்தரும் பொன்னாடை போர்த்தியதில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் எடுத்து மடித்து நாற்காலியில் வைத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து பார்த்தார். நல்ல மனுஷி, மறுபடி போர்த்தவில்லை.

பெண்கள் வந்தார்கள். பூக்களின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என்னுடையதன் முன்னால் வந்ததும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். ஒருத்தரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மத்தியானம் வந்தார், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு. எல்லாப் படங்களையும் வரிசையாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் இதன் முன்னால் நின்றார். முதலில் விரலால் துணியைத் தடவினார். "நம்ம பட்டறைத் துணிதான்" என்றார். பிறகு ஜாக்கெட்டைப் பார்த்தார். இடது பக்கத்துத் தொங்கலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். முகம் சிவந்தது.

"என்ன இது, டைலர் ஒரு பக்கத்தக் கெடுத்து வச்சிருக்கான். அப்பவே சொல்லிருந்தா மாத்தித் தைக்கச் சொல்லிருப்பேன்லா?"

நடிக்கத் தெரியாத மனிதர். நிஜமாகவே அவருக்கு டைலர் மேல்தான் கோபம். ஹாலில் அத்தனை பேர் இருந்தார்கள், அந்த நிமிஷம் இருந்த அளவுக்கு நான் என்றைக்கும் தனியாக இருந்ததில்லை.

"டைலர் ஒண்ணும் கெடுக்கல" என்றேன். "குடுத்த அளவுக்குச் சரியாத்தான் தச்சிருக்காரு. நீங்க குடுத்தது பழைய அளவு."

அவர் கையில் துணி இருந்தது. விடவும் இல்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பிறகு மெதுவாக விட்டார். "பைக்க வெயில்ல நிப்பாட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் நான் பஸ்ஸில் வந்தேன். வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வெளியே போனவர் திரும்பி வந்து படுக்கையறை வாசலில் நின்றார். கையில் ஒரு புது இஞ்ச் டேப்.

"டைலர்ட்ட போனேன். வேற ஒண்ணு தைக்கணும்னேன். புது அளவு கேக்காரு. நீ எடுத்துச் சொல்லு, நான் மனசுல வச்சுக்கிடுதேன்."

டேப்பை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார். நான் பீரோக் கண்ணாடியின் முன்னால் போய், பஞ்சை எடுத்துவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றினேன். அதன்மேல் வைத்தால் அளவு சரியாக வராது. தோள் அகலம் சொன்னேன், கை நீளம் சொன்னேன். வெளியிலிருந்து அவர் திருப்பிச் சொன்னார், ஜெபத்தில் ஆமென் சொல்வதுபோல. மார்புச் சுற்றளவுக்கு டேப்பை முதுகுப் பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். இடது கை போகவில்லை. டேப் நழுவி விழுந்தது. எடுத்துப் போட்டேன், மறுபடி விழுந்தது.

"என்னாச்சு?"

"பின்னால பிடிக்க ஆள் வேணும்."

சத்தமே இல்லை. பைக்கைத் துடைக்கப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கதவு திறந்தது. வந்து என் பின்னால் நின்றார். டேப்பைக் கீழேயிருந்து எடுத்து முதுகில் வைத்துப் பிடித்தார். விரல் சில்லென்று இருந்தது. நான் இரண்டு முனையையும் முன்னால் இழுத்துச் சேர்த்துக்கொண்டு கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தேன். என் தோளுக்குப் பின்னால் அவர் முகம். கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"எம்புட்டு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன். "மூக்குக்கண்ணாடி இல்லாம எனக்கு நம்பர் தெரியல."

மூக்குக்கண்ணாடி பீரோ மேலேதான் இருந்தது, எட்டினால் எடுத்துவிடலாம்.

"அங்க இருந்து தெரியாது. முன்னால வரணும்" என்றேன்.

கண்ணைத் திறந்தார். சுற்றிக்கொண்டு முன்னால் வந்து குனிந்தார். ஒரு நம்பரைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. நான் டேப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.