எட்டு மாதக் கோட்டை

வெளியில் சொல்லக்கூடாதவை என்று எங்கள் வீட்டில் மூன்று இருந்தன. மாமா அகதியாகப் படகில் வந்தது, வந்ததும் தடுப்பு முகாமில் இருந்தது, அவருடைய விசா இன்னும் முடிவாகாதது. மாமா எங்களோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து அம்மா இந்த மூன்றையும் வாய்ப்பாடு போல எனக்குச் சொல்லித் தந்திருந்தார். நானும் கெட்டிக்காரி, பத்து வயதுவரை ஒன்றைக்கூட வாய்தவறி விட்டதில்லை. கோட்டை அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. நாங்கள் குடியிருந்த கிரான்பர்னில் எங்கள் கராஜை மறித்து அப்பா கட்டிக்கொடுத்த அறையில் இருந்தார். பக்கத்து ஊரான டண்டினொங்கில் கோழித் தொழிற்சாலையில் காலை வேலை. மத்தியானம் வந்து குளித்துவிட்டு, ஒருவரோடும் கதைக்காமல் கதிரையில் இருப்பார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால்தான் கதைப்பதில்லை என்று நம்பினேன். வீட்டில் எல்லோரும் தமிழில்தான் கதைக்கிறோம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் பழைய கோட்டைகளின் மாதிரி செய்யச் சொன்னார்கள். ஆசிரியை சீட்டுக் குலுக்கினார். மற்றவர்களுக்கு அரசர்களும் அகழிகளும் வந்தன. எனக்கு வந்தது, அமெரிக்காவில் ஏதோவோர் எல்லையில் விவசாயிகள் தாங்களே படையாகக் கூடிக் கட்டிய மரக்கோட்டை. ஒரு வருடம்கூட நிற்கவில்லையாம். எங்கே நின்றது என்பதும் இப்போது யாருக்கும் சரியாகத் தெரியாதாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டி, மூலைக்கொரு கோபுரமும் உச்சியில் கொடியும் வைத்து, அதை எப்படியாவது ஓர் அரண்மனையாக்கிவிடப் பார்த்தேன்.

தேத்தண்ணி போடக் குசினிக்கு வந்த மாமா மேசையருகே நின்றுவிட்டார். இது என்ன என்று கேட்டார். சனங்கள் தாங்களே எல்லையைக் காக்கக் கட்டியது என்றேன். குனிந்து ஒரு கோபுரத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

“இதுக்குள்ள இருந்தா ஒருத்தரும் மிஞ்சமாட்டினம்” என்றார்.

அடுத்த நான்கு நாட்களும் மத்தியானத்துக்குப் பிறகு மாமாவின் வேலை அதுதான். முதலில் கோபுரங்களைப் பிடுங்கினார்; தூரத்திலேயே தெரிந்துவிடுமாம். தான் உடுத்திப் பழசான சாரம் ஒன்றைக் கிழித்து விரல் நீளத்தில் பைகள் தைத்து, மண் நிரப்பி, செங்கல் அடுக்குவதுபோல ஒன்றுமாறி ஒன்று அடுக்கினார். ஒரு பெரிய தட்டில் மண் பரப்பி, கரண்டியால் பதுங்கு அகழி வெட்டினார். அது நேராக ஓடக்கூடாது, வளைந்துதான் ஓடவேண்டும் என்றார். சமைக்கும் இடத்தைப் பின்பக்கம் ஒரு மரத்தின் கீழ் வைத்தார். புகை கிளைகளுக்குள் கலைந்துவிடுமாம். என்ன மரம் என்று கேட்டேன். கொய்யா என்றார். அமெரிக்காவில் கொய்யா உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் மாமா இவ்வளவு கதைத்து நான் கேட்டதே இல்லை, ஆகவே வாயைத் திறக்கவில்லை.

“மாமா, நீங்கள் இப்பிடி ஒண்டில இருந்தனீங்களா?”

“ஓம். காவலுக்கெண்டு இயக்கத்தில வீட்டுக்கு ஒராள் வரச் சொன்னவை. எங்கட வீட்டில நான்தான் ஆம்பிளை. எட்டு மாசம்.”

“பிறகு?”

“பிறகு விட்டிட்டு வந்திட்டம். இப்ப அதில பத்தைக்காடுதான் நிக்கும்.”

கோட்டைக்கு முன்னால் வைக்கும் அட்டையில் என் மிக அழகான ஆங்கிலக் கையெழுத்தில் எழுதினேன்: என் மாமா இப்படியொரு கோட்டையில் எட்டு மாதம் காவல் இருந்தவர், அவர்தான் எனக்குக் கற்றுத் தந்தார். முதற்பரிசு எனக்கே கிடைத்தது. நானும் கோட்டையும் அட்டையுமாக எடுத்த படம் பள்ளிக்கூடத்தின் வாராந்தச் செய்தியில் எல்லாப் பெற்றோரின் போனுக்கும் போனது.

அம்மா அதைக் குசினியில் நின்று பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். வேலையிலிருந்த அப்பாவை வீட்டுக்குக் கூப்பிட்டார். இருவருமாக மாமாவிடம் படத்தைக் காட்டினார்கள்.

“என்ர பேர் போட்டிருக்கோ?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றார் அப்பா. என்னை யாரும் ஏசவில்லை. பாராட்டவுமில்லை. முதற்பரிசு வாங்கிய பிள்ளைக்கு ஒரு கேக்கும் இல்லையா என்று எனக்கு ஒரே கோபம்.

மாமாவின் விசா நேர்காணல் அதற்கு இரண்டு வாரம் கழித்து. தான் ஒரு கடையில் வேலை செய்தவன், எந்தக் காவலிலும் நின்றதில்லை என்றுதான் அவர் முன்னரே எழுதிக் கொடுத்திருந்தார். இதெல்லாம் நான் வளர்ந்தபின் அப்பா சொல்லித் தெரிந்தது. ஆயுதம் தூக்கிய கூட்டம் எதிலாவது இருந்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்பதைத்தான் அதிகாரி அவரிடமும் கேட்டாராம். படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று மாமா நினைத்துவிட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதிகாரி எந்தப் படத்தையும் பார்த்திருக்கவில்லை. முதலில் சொன்னது பொய்யென்றால் மற்றதையும் நம்பமுடியாது என்று மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடும் தோற்றது. வேலை செய்யும் அனுமதியும் போனபின் மாமா திரும்பிப் போகச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தார். என்னால்தானா என்று அப்பாவிடம் கேட்டேன். இல்லை என்றார், கொஞ்சம் பிந்தி.

மாமா போன நாளில் இது ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்தப் படத்தை ஆசிரியை உள்ளங்கை அளவில் வெட்டி லமினேற் செய்து தந்திருந்தார். பரிசில் பாதி மாமாவுடையது என்பது என் நியாயம். விமான நிலையத்தில் அதை அவர் கையில் கொடுத்தேன். மாமா படத்திலிருந்த கொய்யா மரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுதுகொண்டே அந்தப் பைக்குள் கைவிட்டுப் படத்தை எடுத்துத் தன் கைப்பையில் போட்டார். அது நான் கொடுத்தது என்று கத்தினேன். அம்மா காதில் வாங்கவில்லை. மாமா என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார்.

என் பரிசைத் தன் தம்பிக்குக் கொடுக்க அம்மாவுக்கு மனமில்லை என்று நினைத்தேன். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டுக் கொழும்பில் இறங்குகிற ஒருவருடைய சட்டைப்பையை யார் யார் சோதிப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கார் கிரான்பர்ன் வந்து சேரும்வரை நான் அம்மாவோடு கதைக்கவில்லை.