ஜி.எம். வீட்டு மல்டி ஜிம்மைக் கழற்றிய நாள்

மெயின்டனன்ஸ் ஃபிட்டர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது தோல் உருட்டுகிற டிரம், சதை வழிக்கிற ஃப்ளெஷிங் மெஷின், ஷேவிங் மெஷின் என்று தோல் ஷாப்பில் இருப்பதைப் பற்றித்தான் கேள்வி கேட்பார்கள். ஜி.எம். வீட்டு மிக்ஸி, கீசர், போர் மோட்டார், அவர் மாமியாருடைய சாய்வு நாற்காலி எல்லாமே நம்ம டிபார்ட்மென்ட்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சேர்ந்த மறு வாரமே நீங்களாகத் தெரிந்துகொள்வீர்கள்.

ஆம்பூர் பக்கம் ஒரு டேனரியில் இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தேன். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். பிபி மாத்திரை போடுகிறவன் கோபப்படக் கூடாது என்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தை நினைத்தால் மாத்திரை எல்லாம் வேலை செய்வதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அதனால் இன்றைக்கு ஃபிட்டராகச் சேர்கிற பிள்ளைகளுக்காவது எழுதி வைக்கிறேன்.

1. வில்லியம்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. வில்லியமும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் கை ஷேவிங் மெஷினுக்கென்றே செய்த கை. தோலை ஒரே கனத்துக்குச் சீவுகிற மெஷின் அது. உருளை முழுக்கச் சுற்றிச் சுற்றி பிளேடு இருக்கும். பிளேடு மாற்றிச் சாணை பிடித்த பிறகு நாங்கள் கேஜ் வைத்து அளப்போம். வில்லியம் ஆட்காட்டி விரலாலும் நடுவிரலாலும் லேசாகத் தொட்டுப் பார்த்து, "இந்த மூலைல ஒரு முடி அளவு ஜாஸ்தி" என்பான். கேஜும் அதையே சொல்லும். ராணிப்பேட்டையிலிருந்து கூட அவனைக் கேட்டு ஆள் வருவார்கள்.

எங்கள் ஷாப்பில் இரண்டு பழக்கம் உண்டு. மெஷினில் கை வைப்பதற்கு முன் மெயின் பாக்ஸிலிருந்து ஃப்யூஸ் கம்பி கட்டிய மூன்று பீங்கான் கேரியரையும் பிடுங்கி, கை வைக்கிறவன் தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். 'வேலை நடக்கிறது' என்று போர்டு மாட்டினால் அதைக் கழற்றி வைத்துவிட்டு சுவிட்ச் போடுகிற புண்ணியவான்கள் உண்டு. கேரியர் நம் பாக்கெட்டில் இருந்தால் எவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது பழக்கம், தொங்குகிற எதன் கீழும் கட்டை கொடுக்காமல் கை விடக் கூடாது. செயின் பிளாக்கில் மாட்டியிருந்தாலும் சரி, கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் கை. வில்லியம் இரண்டையும் பூஜை மாதிரி செய்வான். நாங்கள்கூடக் கிண்டல் செய்வோம்.

அன்று காலை அவன் ஷேவிங் மெஷினில் பேரிங் மாற்ற உட்கார்ந்திருந்தான். கேரியர் மூன்றும் அவன் பேன்ட் பாக்கெட்டில் இருந்தன. அப்போதுதான் ஜி.எம். டிரைவர் வந்து நின்றார். "ஐயா வீட்ல ஒரு மிஷின் கழட்டணுமாம். ரெண்டு பேரையும் கையோட கூட்டினு வரச் சொன்னாரு."

"பேரிங் தொறந்து கெடக்குதே" என்றான் வில்லியம்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. லாரி வருது."

நாங்கள் கிளம்பினோம். டூல் பாக்ஸை எடுத்தோம். வில்லியம் முட்டுக் கட்டைகளையும் எடுக்கக் குனிந்தான். நான்தான் தடுத்தேன். "வீட்டு சாமான்டா. மோட்டாரா, கரண்டா? கட்டை எதுக்கு, விடு" என்றேன். இதைச் சொன்னது நான். இதில் ஜி.எம்மையோ டிரைவரையோ குறை சொல்ல முடியாது.

2. துணி காயப்போடும் மெஷின்

ஜி.எம். அடுத்த வாரம் சென்னை ஆபீசுக்கு மாறிப் போகிறார். வீட்டைக் காலி செய்கிறார். மாடி அறையில் ஒரு மல்டி ஜிம் நின்றது. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு கம்பிகளுக்கு நடுவில் இரும்புத் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். மேலே கப்பி வழியாக ஒரு வயர் ரோப் போகும். மறுமுனையில் இருக்கிற பாரை உட்கார்ந்து இழுத்தால் தட்டுகள் மேலே ஏறும். எத்தனை தட்டு ஏற வேண்டுமோ அந்த ஓட்டையில் ஒரு பின் சொருக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வெளிநாட்டு எக்சிபிஷனில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியதாம். ஓட்டைகளில் பெயின்ட் கூட உரியவில்லை. இழுக்கிற பாரில் இரண்டு பேன்ட், ஒரு துண்டு, பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தன. நாள் முழுக்கப் பச்சைத் தோலைத் தூக்குகிறவர்கள் எங்கள் ஷாப்பில் இருநூறு பேர். அவர்களுக்கு இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட் கேட்டால் பட்ஜெட் இல்லை. இவர் துணி காயப்போட இந்த இரும்பு மலை.

முறையாகக் கழற்றுவது எப்படி என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. மேல் சட்டத்தைக் கழற்றி, தட்டுகளை ஒன்றொன்றாக உருவி எடுத்துவிட்டால் கீழே வெறும் சட்டம்தான். பின்பு ஒரு பயமும் இல்லை. வில்லியம் அதைத்தான் சொன்னான்.

ஜி.எம். வாட்சைப் பார்த்தார். "ஒண்ணொண்ணா உருவினா சாயங்காலம் ஆயிடும். தட்டை மொத்தமா மேல தூக்கிக் கட்டு. அடி போல்ட்டைக் கழட்டு. ரெண்டு பாகமா எறக்கிடலாம்."

"சார், அடி போல்ட் துரு புடிச்சிருக்குது. தட்டுக்குக் கீழ கைய விட்டாதான் ஸ்பேனர் எட்டும்."

"விடு. கடிச்சிடுமா இன்னா? அங்க வீடு ஒசர டிரம்மையே கழட்டி மாட்றீங்க. இங்க வந்து பேஜார் பண்றீங்க."

அடித் தட்டில் பின்னைச் சொருகி, நானும் டிரைவரும் பாரைக் கீழே இழுத்து, நைலான் கயிறு போட்டுச் சட்டத்தோடு கட்டினோம். தட்டுகள் ஒரு முழம் மேலே ஏறி நின்றன. வில்லியம் அடியில் கையை விடவில்லை. என்னைப் பார்த்தான். எனக்குப் புரிந்தது. கீழே போய் ஜி.எம். மனைவியிடம், "அம்மா, ரெண்டு மரக்கட்டை, இல்லாட்டி செங்கல் கெடைக்குமா?" என்றேன்.

"கல்லெல்லாம் மேல எடுத்துனு போகாதப்பா. மார்பிள்ல கீறல் விழுந்தா ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ்ல புடிப்பாரு" என்றார் அவர்.

வெறுங்கையோடு மாடி ஏறினேன். ஜி.எம். படியிலேயே நின்று, "இன்னும் ஆரம்பிக்கலயா?" என்றார். வில்லியம் என் கையைப் பார்த்தான், ஒன்றும் இல்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மண்டி போட்டு உட்கார்ந்தான். 'வேண்டாம்டா, ஷாப்புக்குப் போய்க் கட்டை எடுத்து வரலாம்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கால் மணி நேர வேலை. சொல்லவில்லை. ஜி.எம். நின்றுகொண்டிருந்தார் என்பதற்காகச் சொல்லவில்லை.

3. வயர்

ரோப்புக்கு மேலே கறுப்பு பிளாஸ்டிக் உறை. ஷாப்பில் வயர் ரோப் என்றால் கிரீஸ் தடவி நிர்வாணமாக இருக்கும். ஒரு இழை அறுந்தாலும் கண்ணில் படும். இது அழகுக்காக உறை போட்டது. உள்ளே துரு தின்று வைத்திருந்தது யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது போல்ட்டில் ஸ்பேனரை அழுத்தினான். சட்டம் கொஞ்சம் அசைந்தது. கப்பிக்கிட்ட வயர் அறுந்தது. எல்லாத் தட்டும் ஒரே சத்தத்தில் கீழே வந்தன.

வில்லியம் கத்தவில்லை. "தூக்குடா, தூக்குடா" என்று மெதுவாகச் சொன்னான். நானும் டிரைவரும் தூக்கினோம். வலது கை. ஆட்காட்டி விரல், நடுவிரல். அந்த இரண்டு விரல்தான்.

ஜி.எம். ஓடி வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது, அது உண்மை. ஆனால் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "கார்ல வேணாம், சீட்டெல்லாம் கறை ஆயிடும். ஆட்டோ புடி." இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது. அங்கேயே அந்த ஸ்பேனரால் நாலு போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆம்பூரில் கட்டுப் போட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு விரலையும் நடுக்கணுவோடு எடுத்தார்கள். அவன் சட்டை பேன்ட்டைக் கழற்றிய நர்ஸ், பாக்கெட்டில் இருந்ததை என் கையில் கொடுத்தார். பர்ஸ், சீப்பு, மூன்று பீங்கான் ஃப்யூஸ் கேரியர். "இது இன்னாண்ணே?" என்று கேட்டார். கேரியர் மூன்றையும் என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

4. பேப்பர்

மறுநாள் காலை நான் ஷாப்புக்குள் நுழைந்ததும் ஷேவிங் ஆபரேட்டர், "அண்ணே, கேரியர் காணோம். நேத்துலேர்ந்து மிஷின் நிக்குது" என்றான். என் பாக்கெட்டில்தான் இருந்தன. கொடுப்பதற்குள் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள்.

மேஜை மேல் டைப் அடித்த பேப்பர் தயாராக இருந்தது. 'வில்லியம் என்ற தொழிலாளி, ஷேவிங் மெஷினை நிறுத்தாமலும் ஃப்யூஸ் கேரியரை எடுக்காமலும் தன் கவனக்குறைவால் கையை விட்டதில்' என்று போனது அது. கீழே சாட்சி என்று என் பெயர்.

"சார், இது அங்க நடக்கலயே."

"எனக்குத் தெரியாதா?" என்றார் ஜி.எம். "வீட்ல அடிபட்டதுன்னா ஈ.எஸ்.ஐ.ல ஒண்ணும் வராது. ஷாப்ல பட்டதுன்னு எழுதினாதான் அவனுக்கு ஏதாவது கெடைக்கும். உன் தோஸ்துதானே? அவனுக்கு நல்லது பண்ண மனசில்லயா?"

"அப்ப ஷாப்ல பட்டதுன்னு மட்டும் எழுதுங்க சார். ஃப்யூஸ் எடுக்கலன்னு ஏன் எழுதறீங்க? அவன் எடுக்காம கை வெச்சதே கெடையாது."

"கம்பெனி மேல தப்புன்னு எழுதினா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவாரு. யார் மேலயாவது எழுதணும்பா. பேப்பர்தானே, போடு."

தொடையில் மூன்று கேரியரும் அழுத்திக்கொண்டிருந்தன. அந்த மெஷின் நேற்று ஓடவே இல்லை, ஓடவும் முடியாது என்பதற்கான சாட்சி என் பாக்கெட்டில். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து, பாதியில் நின்ற பேரிங் வேலையை முடித்துக் கேரியரை மாட்டினேன். மெஷின் ஓடியது.

வில்லியமுக்கு ஈ.எஸ்.ஐ.யில் வர வேண்டியது வந்தது. அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவனைக் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். அதோடு விட்டார்களா? சேஃப்டி போர்டில் அவன் பெயரைப் போட்டு, ஃப்யூஸ் எடுக்காமல் கை விட்டால் இதுதான் கதி என்று எழுதி, அவன் நாற்காலிக்கு எதிரிலேயே மாட்டினார்கள். புதிதாகச் சேர்கிறவர்களை அங்கே நிறுத்திப் படிக்கச் சொல்வார்கள். எங்கள் ஷாப்பில் அந்தப் பழக்கத்தை ஒரு நாளும் தவறவிடாத ஒரே ஆள், அதைத் தவறவிட்டவன் என்று வருஷக்கணக்காக நின்றான்.

என்னோடு அவன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எட்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் கேட்டில் டீ குடிக்கும்போது கேட்டான்.

"ஆஸ்பத்திரில என் பேன்ட்ல இருந்த கேரியர உன்கிட்டதானே குடுத்தாங்க?"

"ஆமாடா."

"நீ கையெழுத்து போட்டப்ப அது எங்க இருந்துச்சு?"

"பாக்கெட்ல."

வில்லியம் டீயைக் குடித்து முடித்தான். "எடுத்து டேபிள் மேல வெச்சிருந்தாப் போதும்டா. நீ ஒண்ணும் பேசியே இருக்க வேணாம்" என்றான். லாரி ஹார்ன் அடித்தது. இடது கையால் கேட்டைத் திறக்க எழுந்து போனான்.

ஃபிட்டராகச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை என்று எதையும் நம்பாதீர்கள். யார் வீட்டு மார்பிள் கீறினாலும் கட்டை கொடுத்துவிட்டுக் கையை விடுங்கள். அப்புறம் ஒருநாள் யாராவது பேப்பரை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், பேனாவை வாங்குவதற்கு முன்னால் உங்கள் பாக்கெட்டில் இருப்பதை எடுத்து மேஜை மேல் வையுங்கள்.