அண்ணனுக்காக எடுத்த வாடகை இடம்

அண்ணன் வீட்டை விட்டுப் போன அடுத்த வருஷம், நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த மின்னஞ்சலைப் படித்தேன். மின்விசிறிக் காற்றில் தடுப்புத் திரை முழங்கையில் உரசிக்கொண்டே இருந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எழுதியிருந்தது: உங்கள் சர்வரில் ஓடும் இயங்குதளத்தை இனி எங்களால் வைத்திருக்க முடியாது, மாத இறுதிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். தன் முகவரியோடு என்னுடையதையும் அண்ணன் கொடுத்து வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு பெரிய கணினியைத் தடுத்துப் பல பேருக்கு வாடகைக்கு விடுவார்கள். ஒவ்வொரு தடுப்பும் தனிக் கணினி போலவே இயங்கும். அப்படி ஒரு சர்வரை அண்ணன் எடுத்து, எங்கள் பக்கம் யாரும் கேள்விப்படாத பி.எஸ்.டி. என்ற இயங்குதளத்தை அதில் ஓட்டி, தான் எழுதிய நிரல்களையெல்லாம் அங்கேதான் வைத்திருந்தான். அப்பாவுக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. படித்த மகன் கடைக்கும் வராமல் வேலைக்கும் போகாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. மாமாக்கள் வந்திருந்த ஒரு மதியம், "இம்புட்டுப் பேரு உழைக்கிற வீட்ல சும்மா உக்காந்து திங்கிறவன் இவன் ஒருத்தன்தான்" என்றார். அண்ணன் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தான். மறுநாள் காலை வில்லாபுரம் பஸ் ஸ்டாப்பில் பையோடு நின்றதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். அதன் பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை.

ஆனால் சர்வருக்கு மட்டும் வந்துபோனான். முழு உரிமையோடு எனக்கும் அதில் ஒரு கணக்கு திறந்து தந்திருந்ததால், யார் எப்போது நுழைந்தார்கள் என்பதை என்னால் பார்க்க முடிந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை அவன் பெயர் தென்படும். நான் அனுப்பிய மின்னஞ்சல் எதற்கும் பதில் இல்லை. வடக்கே ஏதோ ஒரு நகரத்திலிருந்து வருகிறான் என்பதற்கு மேல் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆளில்லாத அறையில் காலடிச் சத்தம் கேட்பது போலத்தான் அது.

நிறுவனம் எழுதியதை அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப அவன் வந்தா கதவு பூட்டியிருக்குமாடா?"

"ஆமாம்மா."

"வேற எடம் பாரு. அவன் போட்டது போட்டபடி இருக்கணும்."

கல்லூரி அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த நண்பன், "லினக்ஸ்னா எல்லா எடத்துலயும் சல்லிசா கெடைக்குதே மாப்ள, எதுக்கு இதையே புடிச்சுத் தொங்குற?" என்றான். லினக்ஸ் வேறொரு இயங்குதளம்; அதில் அண்ணனின் நிரல்கள் அப்படியே ஓடாது. நுழைந்தவனுக்கு வேற்றாள் வீடு போல் தோன்றிவிட்டால் திரும்பி வரமாட்டானோ என்று பயந்தேன். பி.எஸ்.டி. வைத்திருந்தவர்கள் கேட்ட வாடகையோ என் சம்பளத்துக்குக் கட்டுபடியாகாது. மாதம் முடியும் தறுவாயில், இதே தொழிலைத் தனி ஆளாக நடத்தும் ஒருவரிடம் மலிவாக ஓர் இடம் கிடைத்தது. நண்பனின் கார்டில்தான் பணம் கட்டினேன். எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து, பழைய பெயரிலேயே புது இடம் திறக்கும்படி செய்தேன்.

வெகுநாள் கழித்து அண்ணன் வந்தான். அவன் நுழைந்ததைக் காட்டும் வரியை அச்செடுத்துக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவன் பெயர் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

சில ஆண்டுகளில் அப்பா இறந்தார். கொள்ளி நான் வைத்தேன். நுழைந்ததும் திரையில் முதலில் தெரியும் இடத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக, "அப்பா தவறிட்டார். வீட்டுக்கு வா அண்ணே" என்று அடித்து வைத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் அவன் நுழைந்த தடம் இருந்தது. ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை.

"படிச்சிருப்பானா?" என்றாள் அம்மா.

"படிச்சிருப்பாம்மா. உள்ள வந்ததுமே அதுதான் தெரியும்."

"அத எடுத்துரு. சாப்பிட்டியான்னு அம்மா கேக்குதுன்னு மட்டும் எழுது."

அப்படியே எழுதினேன். அதற்குப் பிறகும் அவன் வந்தான், எப்போதாவது, சில விநாடிகள். இன்றுவரை வாடகையை நான் நிறுத்தவில்லை. அம்மா போய்ச் சேர்ந்ததை இன்னும் அங்கே எழுதவில்லை. நுழைகிற ஒவ்வொரு முறையும் அவனிடம் அவள் சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.