நாலாம் தொட்டி

ஆய்வகத்தில் அவரை எல்லோரும் மீன்காரர் என்றே அழைத்தனர். அவர் மீன் பிடிப்பவரோ விற்பவரோ அல்லர். விரல் நீளம்கூட இல்லாத வரிமீன்களைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பராமரித்துவந்தவர்.

அம்மீன்களுக்கு ஒருவகை நஞ்சைக் கொடுத்தால், பார்க்கின்சன் நோயாளிகளைப் போலவே அசைவு குன்றித் தொட்டியின் அடியில் கிடக்கும். அவ்வாறு கிடந்த ஆறு தொட்டிகளுள் நான்காவதில் மட்டும் புதிய மருந்து கலக்கப்பட்டது. தினமும் காலையில் தீனி வேளையில், மீன்கள் நீந்தும் தூரத்தை மேலிருந்த கேமரா அளந்தது.

மீன்காரரின் மனைவிக்கும் அதே நோய். ஆறாம் ஆண்டில் மாத்திரைகள் கைவிடத் தொடங்கியிருந்தன. காலையில் படுக்கையிலிருந்து எழுப்பி உட்காரவைக்கவே அரைமணி நேரமாகும்.

மூன்றாம் வாரத்தில் நாலாம் தொட்டி மீன்கள் மேலெழும்பி நீந்தின. மீன்காரர் அன்று மாலை ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னார்.

“மீனுக்கு முதல்ல குணமாகட்டும். வரிசையில நமக்குக் கடைசி இடம் கிடைச்சாலும் போதும்,” என்றார் மனைவி. அதன்பின் கணவர் செருப்பைக் கழற்றுமுன்பே கேள்வி வரும்: “நாலு எப்படிங்க இருக்கு?”

மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல மீன்காரர் ஒருநாள் விடுப்பு எடுத்தார். மறுநாள் காலை, ஆய்வை நடத்திய அம்மையார் தொட்டியருகே குழம்பி நின்றார்.

“நேத்து நான்தான் தீனி போட்டேன், அண்ணே. நாலு அசையவே இல்ல. இன்னைக்கு நீங்க வந்ததும் துள்ளுது. அப்படி என்னதான் பண்றீங்க?”

மீன்காரருக்குப் புரிந்துவிட்டது. தினமும் தீனி போடுமுன், நாலாம் தொட்டியின் கண்ணாடியில் மட்டும் இருமுறை தட்டி, “எழுந்திருங்க, எழுந்திருங்க” என்று கெஞ்சிவந்தவர் அவர். தட்டினால் தீனி வருமென்று மீன்கள் பழகிவிட்டன. வாய் திறக்காவிட்டால் சோதனை தொடரும். மனைவியின் நம்பிக்கையும் தொடரும்.

“தட்டினேன்மா,” என்றார்.

ஒரு வாரம் யாரும் தட்டவில்லை. நாலாம் தொட்டியும் மற்ற ஐந்தைப் போலவே அடங்கிக் கிடந்தது. மருந்து நிறுத்தப்பட்டது.

அன்று மாலை அனைத்தையும் வீட்டில் சொன்னார். மனைவி முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, “நாளைக்குக் காலையில என்னையும் ரெண்டு தட்டு தட்டுங்க. எழுந்து நடக்கிறேனா பார்ப்போம்,” என்றார்.

மீன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

விடிந்ததும் கட்டிலின் சட்டத்தில் இருமுறை தட்டினார். மனைவி கண்ணைத் திறந்தார். கால்கள் அசையவில்லை. மீன்காரர் மீண்டும் தட்டினார்.